இசட் டிரைவ் திறக்கவில்லை: பகிர்வுக் கோப்புறை அனுமதிச் சிக்கலை எங்கே தேடுவது?

ஏப்ரல் மாதக் கடைசி வாரம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொருள் சேவை வரிக் கணக்கை 30ஆம் தேதிக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். சிங்கப்பூரின் ஊபி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் கணக்காளர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இசட் டிரைவ் திறக்கிறது. ஆனால் கணக்குக் கோப்புறைக்குள் மட்டும் போக முடியவில்லை. அனுமதி இல்லை என்று வருகிறது. முதலாளி என் பெயரை இரண்டு முறை சேர்த்துப் பார்த்துவிட்டார். போன வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது." பேசப் பேசக் குரல் கம்மியது.

அந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அலுவலகத்தில் கணினி கொஞ்சம் தெரிந்தவர் என்பதாலேயே "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இந்தப் பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் இடம், ஒரு மூலையில் விண்டோஸ் கணினி ஒன்றோ வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி ஒன்றோ சர்வராக ஓடிக்கொண்டிருக்கும், எல்லார் மேசையிலும் அது இசட் டிரைவாகத் தெரியும். இந்த ஊரில் இப்படிப்பட்ட அலுவலகங்கள்தாம் அதிகம் என்பது என் அனுபவம்.

கட்டளைகளையும் திரையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள்

அனுமதிச் சிக்கல் வந்ததும் பலர் செய்வது ஒன்று உண்டு. கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, "எவ்ரிஒன்" என்ற பெயரைச் சேர்த்து, "ஃபுல் கண்ட்ரோல்" கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அந்த நிமிடமே மறைந்துவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அந்தக் கோப்புறைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஊழியர்களின் சம்பளப் பட்டியல், மத்திய சேமநிதிச் சந்தாக் கணக்கு, அடையாள அட்டை எண்கள், வேலை அனுமதி நகல்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. தன் கையில் உள்ள தனிநபர் தகவல்களுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை என்கிறது அது. சின்ன நிறுவனம் என்பதால் அந்தக் கடமையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஒரு கணினிக்குள் நுழைந்தால், அந்தக் கணினியில் இருப்பவருக்கு எழுதும் உரிமை உள்ள எல்லாப் பகிர்வுக் கோப்புறைகளையும் அது தொட முடியும். கிடங்கில் இருப்பவரின் கணினிக்குக் கணக்குக் கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால், கிடங்கில் திறந்த ஒரு மோசமான மின்னஞ்சல் ஐந்து ஆண்டுக் கணக்கையும் அழித்துவிடும். வரி தொடர்பான பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய ஊர் இது.

திரையில் வந்த வாசகத்தை முழுதாகப் படியுங்கள்

"டிரைவ் வேலை செய்யவில்லை" என்று அழைப்பவரிடம் நான் முதலில் கேட்பது திரையின் புகைப்படம். வெளியே ஒன்றுபோலத் தெரியும் நான்கு சிக்கல்கள் உண்டு. மருந்தோ நான்குக்கும் வேறு.

பிழை எண் 53, அல்லது 0x80070035 என்று வந்தால் சர்வரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். இதற்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை. சர்வர் ஓடுகிறதா, இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றனவா, வருகையாளர்களுக்கான வைஃபையில் மடிக்கணினி போய் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். சர்வராக இருக்கும் விண்டோஸ் கணினியில் வலையமைப்பின் வகை "பப்ளிக்" என்று மாறியிருந்தாலும் ஃபயர்வால் வழிமறிக்கும். செட்டிங்ஸில் அதைப் "பிரைவேட்" ஆக்குங்கள்.

86 அல்லது 1326 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 1219 என்றால் ஏற்கெனவே வேறொரு பெயரில் அதே சர்வருக்குள் நுழைந்திருக்கிறீர்கள். பிழை எண் 5, அதாவது "ஆக்செஸ் இஸ் டினைட்" என்று வந்தால் மட்டுமே அது உண்மையான அனுமதிச் சிக்கல். அதிலும், எந்த ஆளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று பார்க்காமல் அனுமதிப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

சர்வர் உங்களை யாரென்று நினைக்கிறது?

அக்காவின் சிக்கலுக்கு இங்கேதான் விடை இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த கணினி அவருக்கு முன்பு வேலை செய்தவருடையது. அக்காவுக்குப் புதிய பயனர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆனால் இசட் டிரைவை முதன்முதலில் இணைத்தபோது, உதவிக்கு வந்த அந்தப் பழைய ஊழியர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி, நினைவில் வைக்கும் பெட்டியிலும் டிக் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சர்வருக்கு அக்கா என்று ஒருவர் இருப்பதே தெரியாது. அந்தக் கணினியிலிருந்து வந்தவை எல்லாம் பழைய ஊழியரின் பெயரில் வந்தன. அவர் போன வாரம் வேலையை விட்டார், முதலாளி அவரைக் கணக்குக் குழுவிலிருந்து நீக்கினார், அக்காவுக்குக் கதவு மூடிக்கொண்டது. அக்காவின் பெயரை நூறு முறை சேர்த்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது.

இதைச் சர்வரிலேயே கண்ணால் பார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து "கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்" திறவுங்கள். அதில் "ஷேர்டு ஃபோல்டர்ஸ்", அதற்குள் "செஷன்ஸ்". எந்தக் கணினி எந்தப் பயனர் பெயரில் இப்போது உள்ளே இருக்கிறது என்ற பட்டியல் அங்கே வரும். அக்காவின் கணினிக்கு நேரே போன ஊழியரின் பெயர் இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவே இல்லை.

சரிசெய்வது எளிது. பயனரின் கணினியில் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் "கிரெடென்ஷியல் மேனேஜர்" திறந்து, "விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்" பகுதியில் அந்தச் சர்வரின் பெயர் உள்ள வரியை நீக்குங்கள். சர்வரின் பெயரில் ஒரு வரியும் ஐபி முகவரியில் இன்னொரு வரியும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். பிறகு எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் "நெட் யூஸ் * /டெலீட்" என்று தட்டினால் இணைத்த டிரைவ்கள் அனைத்தும் துண்டிக்கப்படும். சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்து, பயனரின் சொந்தப் பெயரில் டிரைவை இணையுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "திஸ் பிசி", அங்கே "மேப் நெட்வொர்க் டிரைவ்", முகவரியாக \\சர்வர்பெயர்\பகிர்வுப்பெயர். வேறு பெயரில் இணைக்கும் தேர்வில் டிக் போட்டால் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும்.

இதே இடத்தில் புதியவர்களை அலைக்கழிக்கும் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே சொந்தம். வலையமைப்பு வழியே சர்வருக்கு அது செல்லாது, கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத பயனர் கணக்கையும் விண்டோஸ் இயல்பாக வலையமைப்பு வழியே உள்ளே விடாது. ஒருவரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால், அவர் சைன் அவுட் செய்து மீண்டும் நுழையும் வரை அந்த உறுப்புரிமை வேலை செய்யாது. திரையைப் பூட்டித் திறப்பது போதாது. "சேர்த்துவிட்டேன், இன்னும் வரவில்லையே" என்ற குழப்பத்தில் பாதி இதனால் வருவதுதான்.

1219 பிழைக்கும் காரணம் இதே வேர்தான். ஒரே சர்வருக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. ஒய் டிரைவ் ஒருவர் பெயரிலும் இசட் டிரைவ் இன்னொருவர் பெயரிலும் இருந்தால் இரண்டாவது தடுக்கப்படும். பழைய இணைப்பை மேலே சொன்னபடி துண்டித்துவிட்டு, இரண்டையும் ஒரே பெயரில் இணைப்பதே சரியான வழி.

இரண்டு வாசல்கள்

பெயர் சரி. இன்னும் கதவு மூடியிருக்கிறது. இப்போதுதான் அனுமதிப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே ஒரு வாசல், வீட்டுக்கு ஒரு வாசல் இருப்பதுபோல, வலையமைப்பு வழியே வருபவருக்கு இரண்டு வாசல்கள். கீழ்வாசல் பகிர்வு அனுமதி: "ரீட்", "சேஞ்ச்", "ஃபுல் கண்ட்ரோல்" என்ற மூன்று நிலைகள் மட்டுமே. கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸில் "ஷேரிங்", அதில் "அட்வான்ஸ்டு ஷேரிங்", அதில் "பெர்மிஷன்ஸ்" என்று போனால் காணலாம். வீட்டுவாசல் கோப்பு அனுமதி. அது "செக்யூரிட்டி" என்ற பக்கத்தில் இருக்கும். இரண்டில் எது குறுகலோ அதுவே கடைசியில் கிடைக்கும் உரிமை. சர்வரின் முன்னே உட்கார்ந்து திறப்பவருக்குக் கீழ்வாசல் கிடையாது. அதனால்தான் "சர்வரில் திறக்கிறது, என் மேசையில் திறக்கவில்லை" என்ற நிலை வருகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக் குழுவுக்குச் செக்யூரிட்டியில் "மாடிஃபை" கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பகிர்வில் எவ்ரிஒன் என்ற பெயருக்கு ரீட் மட்டும் இருக்கிறது. அட்வான்ஸ்டு ஷேரிங் வழியே பகிர்ந்தால் விண்டோஸ் தானாகத் தருவதே அதுதான். விளைவு: கோப்பு திறக்கும், படிக்கலாம், சேமிக்க முடியாது. "திறக்கிறது, சேமிக்க மட்டும் விடமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் என் கை நேரே பகிர்வுப் பக்கத்துக்குத்தான் போகும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. பகிர்வில் எவ்ரிஒன் பெயரை நீக்கிவிட்டு, "ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்" என்ற குழுவுக்குச் சேஞ்ச் கொடுங்கள். யாருக்கு எது என்ற நுணுக்கமான பிரிவினையை முழுக்கச் செக்யூரிட்டி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் எவ்ரிஒன், யூசர்ஸ் போன்ற பொதுப் பெயர்கள் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்ப்பது மிக முக்கியம். இருந்தால் நீங்கள் பிரித்தது வீண். இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டு போட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எது எங்கே என்று தெரியாது.

செக்யூரிட்டியில் ஆட்களின் பெயரைச் சேர்க்காதீர்கள். கணக்கு, விற்பனை, கிடங்கு என்று குழுக்களை உருவாக்கி, அனுமதியைக் குழுவுக்குக் கொடுங்கள். சர்வரில் விண்டோஸ் ப்ரோ இருந்தால் அதே கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் "லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்" இருக்கும். ஆட்கள் வருவதும் போவதும் இந்த ஊரில் அடிக்கடி நடக்கும். ஒருவர் போனால் குழுவில் ஒரு பெயரை மாற்றினால் போதும்.

எழுத வேண்டியவர்களுக்கு "ரைட்" மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. எக்செல் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, முதலில் தற்காலிகப் பெயரில் புதிய கோப்பை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கிறது. நீக்கும் உரிமை இல்லாவிட்டால் சேமிப்பது பாதியில் நிற்கும். பெயரே புரியாத கோப்புகள் கோப்புறையில் குவியும். ஆகவே வேலை செய்பவர்களுக்கு மாடிஃபை, பார்ப்பவர்களுக்கு "ரீட் அண்ட் எக்ஸிக்யூட்". ஃபுல் கண்ட்ரோல் என்பது அனுமதிகளையே மாற்றும் உரிமை. நிர்வாகிக்கு மட்டும் போதும்.

"டினை" பெட்டியில் டிக் போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் பல குழுக்களில் இருந்தால் அனுமதிகள் கூட்டப்படும். ஆனால் அந்தக் கோப்புறையிலேயே நேரடியாகப் போட்ட மறுப்பு ஒன்று எல்லாவற்றையும் வென்றுவிடும். விற்பனைக் குழுவுக்கு டினை போட்டுவிட்டு, இரண்டு குழுவிலும் இருக்கும் மேலாளர் ஏன் உள்ளே போக முடியவில்லை என்று அரை நாள் தேடியவர்களை அறிவேன். அனுமதி கொடுக்காமல் இருந்தாலே மறுத்ததாகிவிடும்.

யாருக்கு என்ன உரிமை என்று மனக்கணக்குப் போடத் தேவையில்லை. செக்யூரிட்டியில் "அட்வான்ஸ்டு", அதில் "எஃபெக்டிவ் ஆக்செஸ்". பயனரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் கோப்பு அனுமதிகளைக் கூட்டிக் கழித்து, எதற்குப் பச்சை எதற்குச் சிவப்பு என்று காட்டும். பகிர்வு வாசலைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கோப்புறையைப் பற்றி ஒரு சொல். அதைப் பொதுக் கோப்புறைக்குள் வைத்துப் பூட்ட முயல்வதைவிட, தனியாக ஒரு பகிர்வாக வெளியே வைப்பதே நல்லது. உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால், அட்வான்ஸ்டு பக்கத்தில் "டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்" அழுத்துங்கள். அப்போது வரும் கேள்வியில், மேல் கோப்புறையிலிருந்து வந்த அனுமதிகளை நேரடி அனுமதிகளாக மாற்றும் முதல் தேர்வை எடுத்துவிட்டு, தேவையில்லாத குழுக்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கும் தேர்வை எடுத்தால் நிர்வாகியே வெளியே நிற்க நேரும்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் திறக்காதபோது

கோப்புறை திறக்கும், நூறு கோப்புகள் திறக்கும், ஒன்று மட்டும் திறக்காது. பெரும்பாலும் அதை யாரோ வேறு கோப்புறையிலிருந்து இழுத்து விட்டிருப்பார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்திய கோப்பு தன் பழைய அனுமதிகளைக் கூடவே எடுத்துவரும். நகலெடுத்த கோப்பு போய்ச் சேர்ந்த இடத்தின் அனுமதியைப் பெறும். இயக்குநர் தன் தனிக் கோப்புறையிலிருந்து விலைப்பட்டியலைப் பொதுக் கோப்புறைக்கு இழுத்துப் போட்டால், அது இயக்குநருக்கு மட்டுமே திறப்பது இதனால்தான். அவரிடமே நகலெடுத்துப் போடச் சொல்லி, பழையதை நீக்கினால் முடிந்தது.

இப்படிக் குழம்பிய கோப்புகள் நிறைய இருந்தால், "ஐசிஏசிஎல்எஸ்" என்ற கட்டளை இருக்கிறது. கோப்புறையின் பெயருக்குப் பின் "\*" போட்டு "/ரீசெட் /டி" (டி என்பது T எழுத்து) சேர்த்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மேல் கோப்புறையின் அனுமதிக்குத் திருப்பிவிடும். அதற்கு முன்பு "/சேவ்" கொண்டு இப்போதைய அனுமதிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியே பூட்டிய துணைக் கோப்புறைகள் உள்ளே இருந்தால் அந்தப் பூட்டும் கழன்றுவிடும் என்பதால், முன்கூட்டியே பார்க்காமல் எண்டர் தட்டாதீர்கள்.

டிரைவ் எழுத்தும் பழைய சேமிப்புப் பெட்டியும்

காலையில் இசட் டிரைவின் மேல் சிவப்புக் குறுக்குக் குறி தெரிந்தால் பதற வேண்டாம். வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடியிருக்கும். இருமுறை கிளிக் செய்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

கணக்கு மென்பொருளை நிர்வாகி உரிமையில் திறந்தால் அதற்குள் இசட் டிரைவே தெரியாது. சாதாரண உரிமையில் இணைத்த டிரைவ் அந்த உயர்ந்த உரிமைக்குப் போய்ச் சேராது. இரண்டும் தனித்தனி அமர்வுகள். மென்பொருளில் இசட் என்று கொடுக்காமல் \\சர்வர்பெயர் என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள். தானாக ஓடும் காப்புநகல் வேலைகளுக்கும் இதுவே பொருந்தும்.

பழைய சேமிப்புப் பெட்டிகள் வேறு விதத்தில் தொல்லை தரும். 2017இல் வானாக்ரை தாக்குதல் உலகெங்கும் பரவியது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அதை விண்டோஸ் ஒதுக்கத் தொடங்கியது. 2024இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில் இன்னும் கண்டிப்பானது: பெயர் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்காது, ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கேட்கும். "புதுப்பித்த பிறகு பெட்டி தெரியவில்லை" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பித்து, அதில் ஒவ்வொருவருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்கச் சொல்லும் ஆலோசனை கிடைத்தால் ஏற்காதீர்கள். எஸ்எம்பி 2 கூடத் தெரியாத பெட்டி என்றால் அதை மாற்றும் செலவைப் பற்றி முதலாளியிடம் பேசும் நேரம் அது.

எழுந்து போகும் முன்

நிர்வாகியாக நுழைந்து சோதித்தால் எல்லாமே திறக்கும். அந்தச் சோதனையால் பயனில்லை. பயனரையே அவர் பெயரில் உள்ளே வரச் சொல்லி, ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, திருத்தி, பெயர் மாற்றி, நீக்கச் சொல்லுங்கள். நான்கும் நடந்தால் மாடிஃபை சரியாக இருக்கிறது.

அக்கா இந்த நான்கையும் செய்து பார்த்துவிட்டு வரிக் கணக்கைத் திறந்தபோது மணி நாலரை. நான் உடனே கிளம்பவில்லை. கிடங்குக் கணினிக்குப் போய், அங்கே வேலை செய்யும் தம்பியிடம் இசட் டிரைவில் கணக்குக் கோப்புறைக்கு வெளியே, சம்பளப் பட்டியல் வைத்திருந்த தனிக் கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். திறந்துவிட்டது. யாரோ எப்போதோ எவ்ரிஒன் பெயருக்குக் கொடுத்த முழு அனுமதி அந்தக் கோப்புறையில் அப்படியே இருந்தது. முதலாளியை அழைத்துக் காட்டிவிட்டு, அந்தக் கோப்புறையிலிருந்து அந்த வரியை நீக்கி, கணக்குக் குழு மட்டும் இருக்கும்படி செய்தோம். தம்பியின் திரையில் அனுமதி இல்லை என்ற வாசகம் வந்த பிறகுதான் பையை எடுத்தேன்.